அடைப்புக்குறிக்குள் ஒளிந்திருந்த நேபாளம்

1971ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்தது. குவிந்து கிடந்த விவரங்களைக் கூட்டிக் கழிக்க, ஐபிஎம் 1401 என்ற கணிப்பொறியை வரவழைத்தது நேபாள அரசு. அந்த நாடு கண்ட முதல் கணிப்பொறி அது. கணக்கில் சூரப்புலி. ஆனால், தான் எண்ணிக்கொண்டிருந்த மக்களின் மொழியில் ஓர் எழுத்துகூட அதற்குத் தெரியாது.

அலுவலகங்களில் நேபாளி மொழிக்குத் தட்டச்சு இயந்திரமே கதி. நேபாளியின் எழுத்தான தேவநாகரியில் கூட்டெழுத்துகள் ஏராளம். இயந்திரத்தில் விசைகளோ கொஞ்சம். எனவே எழுத்துகளை அரையெழுத்து, கால், கொம்பு என்று துண்டுபோட்டு விசைகளில் அடைத்தார்கள். இகரக் குறி எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும். ஆகவே ‘கி’ வேண்டுமென்றால் முதலில் குறி, பிறகு ‘க’. ஒலியின் வரிசை தலைகீழானால் என்ன, தாளில் சரியாக விழுந்தால் போதாதா? போதும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அச்சகங்களுக்குள் கணிப்பொறி நுழைந்த காலத்தில் யாரோ ஒரு குறுக்குவழி பிடித்தார்கள். ஆங்கில எழுத்தின் உருவத்தை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் நேபாளி எழுத்தை வரைந்துவைப்பது! பிரீத்தி, காந்திபூர் போன்ற எழுத்துருக்கள் இப்படித்தான் பிறந்தன. பழைய தட்டச்சுப் பழக்கத்தையொட்டியே பிரீத்தியின் விசைகள் அமைந்ததால், தட்டச்சர்களின் விரல்கள் சிரமப்படவில்லை. புத்தகங்கள், பத்திரிகைகள், அரசுக் கடிதங்கள் எல்லாம் பிரீத்திமயம். மின்னஞ்சல் வரும்வரை சங்கடமே இல்லை.

பிரீத்தி இல்லாத கணிப்பொறியில் அந்தக் கோப்பைத் திறந்தவர்கள் திகைத்துப்போனார்கள். ‘நேபாள்’ என்ற பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஜி, ஒரு சதுர அடைப்புக்குறி, கே, எஃப், என்! கணிப்பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை. அது கடைசிவரை ஆங்கிலம் என்றே நம்பிக்கொண்டிருந்தது. தேடவும் முடியவில்லை, அகரவரிசைப்படுத்தவும் முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மருந்து ஏற்கெனவே தயாராக இருந்தது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்ற ஏற்பாடாக 1991இல் வெளிவந்த யூனிகோடு, தேவநாகரிக்குத் தனி எண்களை ஒதுக்கிவிட்டது. ஆனால், அந்த எண்களைக் கூட்டெழுத்தாகச் சேர்த்துக் காட்டும் திறமை அன்றைய விண்டோஸுக்கு இல்லை. விண்டோஸ் 2000இல் அது வந்தபோது, அடுத்த தடை முளைத்தது. எந்த எழுத்துக்கு எந்த விசையை நேபாளிகள் தட்டுவது?

விடை ஒரு கணினி நிறுவனத்திலிருந்து வரவில்லை. லலித்பூரின் பாடன் டோகாவில், கமல் மணி தீட்சித் வளர்த்தெடுத்த மதன் புரஸ்கார் புஸ்தகாலயம் என்ற நூலகத்திலிருந்து வந்தது. பழைய நேபாளிப் புத்தகங்களையும் இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்த இடம்! அங்கிருந்தவர்கள் கெட்டிக்காரர்கள், ஒன்றுக்கு இரண்டு விசைப்பலகைகளை வடிவமைத்தார்கள். ‘டிரெடிஷனல்’, பிரீத்தியில் ஊறியவர்களுக்கு. ‘ரோமனைஸ்டு’, ஆங்கில விசைப்பலகையில் பழகிய புதியவர்களுக்கு. 2005 டிசம்பரில், கனடாவின் ஐடிஆர்சி என்ற ஆய்வு அமைப்பின் நிதியுதவியோடு, நேபாளியிலேயே இயங்கும் ‘நேபாலினக்ஸ்’ என்ற இயங்குதளத்தையும் வெளியிட்டார்கள்.

டிரெடிஷனலிலும் பழைய கைகள் ஓரிடத்தில் தடுமாறின. இப்போது ‘க’ முதலில், இகரக் குறி பிறகு. குவிந்து கிடந்த பிரீத்திக் கோப்புகளை மாற்றுவதும் லேசுப்பட்ட வேலையாக இல்லை. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மட்டும் போதாது. முன்னால் தட்டிய இகரக் குறியைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். கடைசியில் தட்டி, எழுத்தின் தலைமேல் உட்காரவைத்த ரகரக் கொக்கியை முன்னுக்கு இழுக்கவேண்டும். அதற்கென்றே மாற்றிகள் எழுதப்பட்டன.

இன்று ரோமனைஸ்டு விசைப்பலகையில் என், இ, பி, ஏ, எல் என்று தட்டினால் ‘நேபாள்’ பிசகில்லாமல் விழுகிறது; எந்தக் கணிப்பொறிக்கு அனுப்பினாலும் நேபாளாகவே போய்ச் சேருகிறது. பிரீத்தி மட்டும் அசரவில்லை. அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் அது இன்னும் ஓய்வு பெறவில்லை. மாற்றிகளுக்கும் வேலை குறையவில்லை.