மின்னோட்டம் நிற்பதே செய்தி

வீட்டுக் காவல் அலாரத்தின் வரலாற்றை மணியோசையிலிருந்து தொடங்குவது வழக்கம். உண்மையில் அது மின்சுற்றின் வரலாறு. மாசசூசெட்ஸ் மாநிலம் சாமர்வில்லைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் (இவர் கிறித்தவப் போதகர் என்பது வியப்பு) 1853இல் காப்புரிமை பெற்ற கருவியில், கதவு மூடியிருக்கும்வரை மின்னோட்டம் இல்லை. கதவு திறந்தால் சுற்று நிறைவுறும். மின்காந்தம் சுத்தியலை இயக்கி மணியை அடிக்கும். 1857இல் எட்வின் ஹோம்ஸ் அவ்வுரிமையை வாங்கி வணிகமாக்கினார். ஆனால் கம்பி அறுபட்டாலும் மின்கலம் தீர்ந்தாலும் இத்தகைய சுற்றில் மணி ஒலிக்காது. வீடு பத்திரமாக இருப்பதற்கும் கருவி பழுதுற்றிருப்பதற்கும் அடையாளம் ஒன்றே: அமைதி.

மூடிய சுற்று இதைத் தலைகீழாக்கியது. இன்று கதவுகளில் பொருத்தப்படும் காந்த சுவிட்சுகள் பெரும்பாலும் இவ்வகையின. கதவு மூடியிருக்கையில் மின்னோட்டம் இடையறாது செல்லும். காந்தம் விலகினாலும் கம்பி அறுந்தாலும் அது நிற்கும், நிற்பதே செய்தி. உருபு இன்மையாலேயே எழுவாய் வேற்றுமையை இனங்காணும் இலக்கண மாணவருக்கு இது புதிதன்று. எனினும் சுவிட்சைக் கடந்து வேறொரு கம்பியை இணைத்துவிட்டால் கதவு திறந்தும் ஓட்டம் நிற்காது. ஆகவே சுற்றின் கடைமுனையில் மின்தடை ஒன்றை வைத்தனர். ஓட்டம் உண்டா என்பதோடு, எவ்வளவு என்பதையும் கருவி கவனிக்கலாயிற்று.