அரசாணிக்காய் வண்டு

பரங்கிக்காயை எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கம் அரசாணிக்காய் என்போம். பல வருஷம் என் வேலையே அதைக் கழுவித் துடைத்து, காயம்பட்ட இடத்தில் மெழுகு பூசிக் கூண்டில் வைப்பதுதான். காய்மேல் மாவுப்பூச்சியை ஏற்றி, வெள்ளை பூத்ததும் பொறிவண்டுகளை விடுவோம். ஒரு நாள் முட்டையிட்டதும் அவற்றை அடுத்த கூண்டுக்கு மாற்றிவிடுவோம். ஒரு மாதத்தில் புது வண்டுகள் வெளிச்சம் விழும் பக்கம் வந்து மொய்க்கும். நாலு மில்லிமீட்டர் இருக்கும். தலை, கழுத்து, இறக்கை நுனி ஆரஞ்சு, மற்றது கருப்பு. பொறிவண்டு என்று பேர்தான், முதுகில் ஒரு பொறிகூடக் கிடையாது.

கிரிப்டோலீமஸ் என்பார்கள். பூர்வீகம் கிழக்கு ஆஸ்திரேலியா. அங்கிருந்து இது கிளம்பியதற்கு இன்னொரு பொறிவண்டுதான் காரணம். 1888-ல் கலிபோர்னியா ஆரஞ்சுத் தோட்டங்கள் செதில்பூச்சியால் பட்டுப்போய்க்கொண்டிருந்தன. ஆல்பர்ட் கோபெல் ஆஸ்திரேலியா போய், வெடாலியா என்ற சிவப்பு வண்டில் ஐந்நூறு சொச்சம் அனுப்பினார். ஓரிரு வருஷத்தில் தோட்டங்கள் தேறின. அதோடு, எங்கே பூச்சி விழுந்தாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வண்டைக் கொண்டுவா என்று எல்லோருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. கோபெல் 1891-ல் திரும்பப் போனபோது நம்ம வண்டும் கலிபோர்னியாவுக்குக் கப்பலேறியது. அங்கே இதை உருளைக்கிழங்கு முளையில் வளர்த்தார்கள்.

தென்னிந்தியாவுக்கு 1898-ல் வந்தது. காபிச் செடியின் பச்சைச் செதில்பூச்சியை ஒழிக்க நியூபோர்ட் என்பவர் தருவித்தார். ஆனால் இதற்குப் பிடித்த தீனி மாவுப்பூச்சி. ஏவிய வேலையைச் செய்யவில்லை என்று கைவிட்டார்கள். அதுவோ இங்கேயே தங்கி, தனக்குப் பிடித்ததைத் தேடித் தின்று பிழைத்துக்கொண்டது. முக்கால் நூற்றாண்டு கழித்துத்தான் கர்நாடகத்தில் அரசாணிக்காயில் வைத்துப் பெருக்கும் முறை வந்தது. இப்போது திராட்சை, காபி, கொய்யா எல்லாவற்றுக்கும் விடுகிறார்கள்.

இதன் புழுதான் ஆளை ஏமாற்றும். உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூல், அசல் மாவுப்பூச்சி மாதிரியே. வேலைக்குச் சேர்ந்த வாரம் நானே ஒரு காயைச் சுத்தமாகத் துடைத்து வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு திராட்சைக்காரர் போன் செய்தார்.

"ஏனுங்க, நீங்க குடுத்த வண்டைக் காணோமுங்க. மாவுப்பூச்சிதான் முன்னைக்குப் பெருத்து, கொடியில ஓடித் திரியுது."

ஓடுகிறதா! "மருந்து கிருந்து அடிச்சிராதீங்க, அதுதானுங்க நம்ம புழு" என்றேன்.

"காலையிலேயே அடிச்சாச்சுங்களே" என்றார்.