பழுது யாருடையது? வடசென்னையின் வாகனத் தொழிலும் கட்டாயப் பழுதுநீக்கச் சட்டமும்

ராயபுரத்தில் தொடங்கித் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கத்திவாக்கம் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரப் பகுதியின் தொழில் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின் வரலாறாகவோ தொழிற்சங்கங்களின் வரலாறாகவோதான் எழுதப்பட்டிருக்கிறது. இயந்திரத்தின் ஒரு பாகம் உடையக்கூடும் என்று தெரிந்தபின் அதைச் சரிசெய்யும் கடமை யாருடையது என்பதும் இந்த வட்டாரத்தின் வரலாற்றோடு சேர்ந்த கேள்விதான். கொதிகலனுக்கும் துறைமுகக் கிரேனுக்கும் இதற்கான விடையைச் சட்டம் வெகுகாலம் முன்பே சொல்லிவிட்டது. இங்கேயே உருவாகி நாடெங்கும் ஓடிய லாரிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்த விடை 2021இல்தான் கிடைத்தது. இந்த நீண்ட இடைவெளிக்கான காரணத்தைத் தேடுகிறது இக்கட்டுரை.

முதலில் கொதிகலன். 2025 வரை நடைமுறையிலிருந்த 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டப்படி, பதிவும் சான்றிதழும் இல்லாமல் எந்தக் கொதிகலனையும் இயக்க முடியாமல் இருந்தது. சான்றிதழ் பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களுக்குத்தான் சென்றது. விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. இவற்றைவிட முக்கியமானது, கட்டமைப்பில் மாற்றமோ பாகங்களைப் புதுப்பிப்பதோ தலைமை ஆய்வாளரின் இசைவின்றிச் செய்யக்கூடாது என்ற விதி. பழுது பார்ப்பதும் அரசின் கண்காணிப்புக்குள் வந்தது. ஆலை முதலாளி தனக்குத் தெரிந்த கொல்லரைக் கூப்பிட்டு ஒட்டுப்போட்டுக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது துறைமுகம். கப்பலில் சரக்கேற்றி இறக்கும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக 1934இல் இந்தியத் துறைமுகத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வந்தது 1948இல்தான். பின்னர் 1986இன் சட்டமும் 1990இன் விதிமுறைகளும் அதன் இடத்தைப் பிடித்தன. தூக்கு சாதனங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பாரச் சோதனையும் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனையும் கட்டாயமாயின. கம்பி வடத்துக்கான விதியை இங்கே தனியே கவனிக்க வேண்டும். வடத்தின் விட்டத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குள், கண்ணுக்குத் தெரியும்படி அறுந்த இழைகள் மொத்த இழைகளில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த வடத்தைப் பயன்படுத்தக்கூடாது. வடம் யாருடையது, ஓட்டுபவர் எவ்வளவு கைதேர்ந்தவர், இதுவரை விபத்து நடந்ததா இல்லையா என்பதையெல்லாம் இந்த விதி கேட்பதில்லை. பாகத்தின் நிலையை மட்டுமே பார்க்கிறது.

இந்த அணுகுமுறை மிகக் கூர்மையாக வெளிப்படுவது விமானத் துறையில். இந்தியாவில் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளை அடித்தளமாகக் கொண்டு, குடிமை விமானப் போக்குவரத்து இயக்ககம் தன் விதித்தொகுப்பில் கட்டாய மாற்றங்களையும் கட்டாயச் சோதனைகளையும் வகுத்திருக்கிறது. எஸ். ராமாமிருதம் வடிவமைத்து 1961இல் முதலில் பறந்த ரோகிணி போன்ற இன்ஜின் இல்லாத பயிற்சி கிளைடரும் இந்த ஒழுங்குக்கு விலக்கல்ல. இறக்கையின் விளிம்பிலுள்ள அசையும் பலகையைத் திருப்பும் தண்டிலோ, வாலின் சுக்கானை இழுக்கும் கம்பியிலோ விரிசல் வாய்ப்பு இருப்பதாகத் தெரிந்து கட்டாய ஆணை வெளியானால், அந்த வகைக் கிளைடர் ஒவ்வொன்றிலும் அந்தப் பாகத்தைச் சோதிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். குறித்த கெடுவுக்குள் அந்த வேலை முடிந்ததாகப் பதிவேட்டில் ஏறாவிட்டால் கிளைடர் தரையை விட்டு எழும்ப அனுமதி இல்லை. இந்த ஒழுங்கின் உயிர்நாடி இரண்டு கருத்துகள். ஒரு கிளைடரில் கண்ட குறை அதே வார்ப்பில் உருவான எல்லாவற்றுக்கும் உரியது. குறை வடிவமைப்பிலிருந்தோ தயாரிப்பிலிருந்தோ வந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டே விசாரணை தொடங்க வேண்டும்.

இனி சாலைக்கு வருவோம். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து ஆஸ்டின் கார்களை இணைத்துக் கட்டியது. 1950இல் இங்கிலாந்தின் லேலண்டுடன் உடன்பாடு கண்டு, 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதே 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் கைகோத்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கின. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்துகொண்டிருந்த எம்.ஆர்.எஃப்., 1960களின் தொடக்கத்தில் டயருக்கு வந்து சேர்ந்தது. லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் சில கிலோமீட்டருக்குள் உருவான இப்படியொரு வட்டாரம் அன்றைய இந்தியாவில் அரிது. இந்த வண்டிகளின் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கிளைடரின் சுக்கானுக்குச் சமமானவை. அவை கைவிட்டால் ஓட்டுபவரிடம் வேறு கருவி எதுவும் இல்லை.

ஆனாலும் சட்டம் வேறு பாதையில் போனது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 38ஆம் பிரிவில் போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்றிதழைக் கொண்டுவந்தது. 1988இன் சட்டம் அதை 56ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. லாரிக்காரர்கள் ‘எஃப்.சி.’ என்று சொல்வது இதைத்தான். எஃப்.சி. காட்ட வேண்டிய நாள் நெருங்கினால் பட்டறையில் பிரேக் லைனர் மாற்றுவதும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில் ஆட்டம் பார்ப்பதும், பெயின்ட் அடிப்பதும், பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் இந்தப் பகுதிக்குப் பழக்கமான காட்சிகள். செலவு முழுவதும் வண்டிக்காரருடையது. ஒற்றை லாரி வைத்திருப்பவருக்கு அந்தச் சில நாள் ஓட்டம் நிற்பதே பெரிய இழப்பு.

எஃப்.சி. முறை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. அதன் பார்வை ஒரு வண்டியின் ஒரு நாளோடு நின்றுவிடுகிறது என்பதே என் வாதம். சக்கரங்களைத் திருப்பும் டை ராடின் ஒரே மாதிரி பால் ஜாயிண்ட் மணலியில் ஒரு லாரியிலும், சேலத்தில் இன்னொன்றிலும், நாக்பூரில் மூன்றாவதிலும் கழன்றால், மூன்றும் தனித்தனித் தேய்மானமாகவே எழுதப்படும். அவற்றைச் சேர்த்துப் பார்த்து, ‘இந்தப் பாகத்தின் வார்ப்பிலேயே குறை இருக்கிறதா?’ என்று கேட்க ஆளில்லை. விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்ப்பதும் அந்த ஒரு வண்டியைத்தான். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டறிக்கை அவ்வாண்டில் 1,68,491 பேர் சாலையில் இறந்ததாகக் கணக்கிட்டு, அந்த இறப்புகளில் 70 விழுக்காட்டுக்கும் மேலானவற்றுக்கு அதிவேகத்தைக் காரணமாகக் காட்டுகிறது. வேகம் உண்மையான காரணம்தான். ஆனால் ஓட்டுநரின் பெயரில் காரணம் எழுதப்பட்டவுடன், உடைந்த உலோகத்துண்டை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் தேவை யாருக்கும் தோன்றாமல் போகிறது.

இரு சக்கர வண்டியின் நிலை இன்னும் மோசம். சொந்தப் பயன்பாட்டு வாகனத்தின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதற்குள் அதன் பிரேக்கைத் தொட்டுப் பார்க்கும் சட்டக் கடமை எந்த அலுவலருக்கும் இல்லை. 1989இன் மத்திய மோட்டார் வாகன விதிகள் புதிய மாதிரியைச் சந்தைக்கு விடுமுன் புனே முதலிய இடங்களில் உள்ள சோதனை நிறுவனங்களிடம் ஒப்புதல் பெறச் சொன்னன. பின்னர் தயாரிப்பு அந்த ஒப்புதலுக்கு ஏற்ப இருக்கிறதா என்ற சோதனையும் சேர்ந்தது. பிறக்கும்போது ஒரு சோதனை, 15 வயதில் ஒரு சோதனை. நடுவே, தயாரிப்பாளருக்குக் குறை தெரியவந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 2021 வரை விதியே இருக்கவில்லை.

அமெரிக்கா இந்த இடத்தை முன்பே கடந்துவிட்டது. கார்களின் பாதுகாப்பின்மை பற்றி 1965இல் வந்த ரால்ஃப் நேடரின் நூல் எழுப்பிய அலையில், 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறையை உரிமையாளருக்கு அறிவிப்பது கட்டாயமானது. இலவசமாகச் சரிசெய்து தருவது 1974இன் திருத்தத்தில்தான் கட்டாயமானது. அதன்பின் வந்த இரண்டு வழக்குகள் நம் வட்டாரத்துக்கு நேரடியாகப் பாடம் சொல்கின்றன. 1975இல் தீர்ப்பான ஜெனரல் மோட்டார்ஸ் சக்கர வழக்கில், உரிமையாளர்கள் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியதால்தான் சக்கரங்கள் உடைந்தன என்று நிறுவனம் வாதிட்டது. முன்கூட்டியே எதிர்பார்க்கத்தக்க தவறான பயன்பாடு தயாரிப்பாளரைக் காப்பாற்றாது என்றது நீதிமன்றம். 1977இல், 1959, 1960ஆம் ஆண்டு கேடிலாக் கார்களின் ஸ்டியரிங் கை உடைவது குறித்த வழக்கு தீர்ப்பானது. பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதுதான் அது உடைகிறது, ஆபத்து குறைவு என்று நிறுவனம் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஸ்டியரிங் கட்டுப்பாட்டை இழப்பதே ஏற்கமுடியாத ஆபத்து என்று முடிவு செய்தது.

துறைமுகத்திலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கண்டெய்னர் டிரெய்லர்களை இந்தத் தீர்ப்புகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். கூடுதல் பாரமும் குண்டும் குழியும் விட்டுவிட்டு நகரும் நெரிசலும் அங்கே விதிவிலக்கல்ல, அன்றாடம். இந்தச் சாலையில் ஓடும் வண்டிக்கான பாகத்தை வடிவமைப்பவர் இவை எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் முதல் அடி அரசிடமிருந்து வரவில்லை. 2012இல் வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம் தானாக முன்வந்து, குறையுள்ள வண்டிகளைத் திரும்பப்பெறும் (ரீகால்) நெறிமுறையைக் கொண்டுவந்தது. அதில் தண்டனை எதுவும் கிடையாது. 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110ஏ பிரிவைச் சேர்த்தபோதுதான் நிலைமை அடியோடு மாறியது. ஓட்டுநருக்கோ பயணிக்கோ சாலையில் போகும் மற்றவருக்கோ தீங்கு விளைவிக்கும் குறை இருந்தால், அந்த வகை வாகனங்களைத் திரும்பப்பெறும்படி மத்திய அரசு ஆணையிடலாம். குறை ஒரு பாகத்தில் இருந்தால் அந்தப் பாகத்தைக் கொண்ட எல்லா வாகனங்களையும் திரும்பப்பெறச் சொல்லலாம். கிளைடருக்கு வெகுகாலமாக இருந்த தர்க்கம் கடைசியில் லாரிக்கும் வந்து சேர்ந்தது. இதற்கான விதிகள் 2021 மார்ச்சில் வெளியாகி ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. ஏழு ஆண்டுக்குட்பட்ட வாகனங்களுக்கு இவை பொருந்தும். கட்டாய ஆணை பிறப்பிக்கும் நிலை வந்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். தயாரிப்பாளர் தானே குறையை அறிவித்துத் திரும்பப்பெற்றால் அபராதம் இல்லை.

இந்த மாற்றம் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதைத் திருவொற்றியூரில் பிறந்த நிறுவனத்தின் வழியாகவே பார்க்கலாம். இதற்குள், ராயல் என்ஃபீல்டு என்ற பெயரில் இயங்கும் அந்நிறுவனத்தின் பெரும்பகுதித் தயாரிப்பு ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் நகர்ந்துவிட்டது. 2018இல், அவ்வாண்டு மார்ச் 20 முதல் ஏப்ரல் 30 வரை தயாரான ஏறத்தாழ 7,000 புல்லட், எலெக்ட்ரா வண்டிகளின் பிரேக் காலிப்பர் போல்ட்டைச் சோதிக்க நிறுவனம் அழைத்தது. 2020இல் பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியாவில் விற்ற சுமார் 15,200 வண்டிகளை அழைத்தது; குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பால் காலிப்பர் அரிக்கப்படலாம் என்பது காரணம். புதிய விதிகள் வந்த ஒன்றரை மாதத்தில், 2021 மே 19 அன்று, 2,36,966 மீட்டியோர், கிளாசிக், புல்லட் 350 வண்டிகளின் இக்னிஷன் காயிலைச் சோதிக்க அறிவிப்பு வந்தது. அவற்றில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவற்றுக்கே பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்று நிறுவனம் மதிப்பிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் வந்த அறிவிப்பு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 5 வரை தயாரான 26,300 கிளாசிக் 350 வண்டிகள், பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ளவை, அழைக்கப்பட்டன. டிரம் பிரேக்கைப் பிடிக்கும்போது, பிரேக் ஷூக்களைத் தாங்கும் தகடும் சக்கரத்தோடு சேர்ந்து சுழலப் பார்க்கும். அதைச் சுழலவிடாமல் பிடித்து வைப்பது, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் பொருத்திய ஒரு சிறு பிடிப்பு. பெடலை மிகக் கடுமையாக மிதிக்கும் சில நிலைகளில் அது சேதமடைந்து சத்தம் எழலாம், பிரேக்கின் திறனும் குறையலாம் என்று சோதனையில் தெரிந்தது. பிடிப்புக்கு வலுவூட்டித் தருவதே தீர்வாக அறிவிக்கப்பட்டது. எஃப்.சி. போன்ற எந்தக் கண்பார்வைச் சோதனையிலும் இந்தக் குறை பிடிபட வாய்ப்பில்லை. தயாரிப்பாளரின் சோதனைக் கூடமும், எந்த வண்டியில் எந்தப் பாகம் போனது என்ற சேஸிஸ் எண்வாரிப் பதிவும் இருந்தால்தான் பிடிபடும். கட்டாயப் பழுதுநீக்கத்தின் கடமையைத் தயாரிப்பாளரிடம் வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் விமானத்தின் ஒழுங்கில் பாதிதான் இங்கே வந்திருக்கிறது. அறிவிப்பு கட்டாயமாகிவிட்டது. வேலை முடிந்ததா என்று பார்க்கும் வாயில் இன்னும் இல்லை. கட்டாய ஆணை நிறைவேறாத கிளைடர் பறக்க முடியாது. ரீகால் நிலுவையில் இருக்கும் மோட்டார் சைக்கிள் தடையின்றி ஓடும், விற்கப்படும், அடுத்தவர் பெயருக்கு மாறும். ஜெர்மனியில் பாதுகாப்புக்குரிய ரீகால் வேலையைச் செய்துகொள்ளாத வாகனத்தைச் சாலையில் ஓடவிடாமல் தடுக்கும் அதிகாரம் அரசிடம் உண்டு. ஏழு ஆண்டு வரம்பும் இந்தப் பகுதியின் வாழ்க்கைக்குப் பொருந்தவில்லை. தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் புல்லட் ஏழு ஆண்டுக்குப் பிறகும் பலர் கைமாறி ஓடுகிறது. மூன்றாவது உரிமையாளருக்கு நிறுவனத்தின் குறுஞ்செய்தி போய்ச் சேர வழியில்லை, ஏனென்றால் நிறுவனத்திடம் இருப்பது முதலில் வாங்கியவரின் எண். அவர் வண்டியை விடுவதும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் நிலையத்தில் அல்ல, தெருமுனைப் பட்டறையில். அங்கே கைதேர்ந்த மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், ஆனால் ரீகால் பட்டியல் அவர்கள் கைக்கு வருவதில்லை.

இதற்கு வழி இருக்கிறது, புதிய சட்டமும் தேவையில்லை. நாட்டின் வாகனப் பதிவுகள் ஏற்கெனவே அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் சேஸிஸ் எண்ணோடு இருக்கின்றன. எஃப்.சி. புதுப்பிக்கும்போதும், 29, 30ஆம் படிவங்களில் பெயர் மாற்றம் கேட்கும்போதும், காப்பீட்டைப் புதுப்பிக்கும்போதும் அந்த எண்ணை ரீகால் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். நிலுவை இருந்தால் முதலில் அந்த வேலை, பிறகு முத்திரை. வேலைக்கான செலவு தயாரிப்பாளருடையது என்று சட்டம் ஏற்கெனவே சொல்லிவிட்டதால், ஒற்றை லாரி வைத்திருப்பவர் மீதோ பழைய புல்லட் வாங்கிய மீனவர் மீதோ புதிய சுமை ஏதும் ஏறாது.