ஹவுரா பாலம்

ஹவுரா பாலம், ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள கொல்கத்தாவையும் ஹவுராவையும் இணைக்கும் எஃகுப் பாலம். 1965-இல் இதற்கு ரவீந்திர சேது என்று பெயர் சூட்டினார்கள். மக்கள் வாயில் இன்றும் பழைய பெயர்தான்.

முன்பு இங்கே இருந்தது பிராட்ஃபோர்ட் லெஸ்லி 1874-இல் அமைத்த மிதவைப் பாலம். பெரிய கப்பல் வந்தால் அதன் நடுவே 200 அடித் துண்டைக் கழற்றி வழிவிடுவார்கள். அதுவரை ஹவுராவில் ரயில் பிடிக்கப் போகிறவர்கள் கரையில் காத்து நிற்க வேண்டியதுதான். நிரந்தரப் பாலம் கட்டலாம் என்று ஆற்றில் தூண் நட்டாலோ நீரோட்டம் தடைபட்டு வண்டல் படியும், துறைமுகம் கெடும். நிரந்தரப் பாலத்துக்கான பணி 1936-இல்தான் தொடங்கியது.

புதிய பாலத்தின் அழகெல்லாம் இந்தச் சிக்கலைத் தீர்த்த விதத்தில் இருக்கிறது. ரெண்டல், பாமர் அண்ட் டிரிட்டன் நிறுவனம் கேண்டிலீவர் முறையில் அதை வடிவமைத்தது. கரைக்கு ஒரு கோபுரம். ஒவ்வொன்றிலிருந்தும் 468 அடிக் கை ஆற்றின் மேல் நீள்கிறது. இரண்டுக்கும் இடையே 564 அடி நடுப்பகுதி. ஆக 1,500 அடி அகலத்துக்கு ஆற்றில் ஒரு தூண்கூடக் கிடையாது. சாலையோ மேலேயுள்ள சட்டத்திலிருந்து 39 இணைத் தொங்குகம்பிகளில் தொங்குகிறது. போல்ட், நட்டு இல்லை. முழுக்க ரிவெட் அடித்துப் பொருத்தியது.

பாலத்தின் அடித்தளக் கிணற்றை இறக்கும்போது, அடியிலிருந்த மண் திடீரென இளகி அது இரண்டடி சரிந்தது. கிதிர்ப்பூரில் இருந்த நிலநடுக்கமானி அதை நிலநடுக்கமாகவே பதிவு செய்ததாம்.

தேவைப்பட்ட எஃகு 26,500 டன். இரண்டாம் உலகப் போர் மூண்டு இங்கிலாந்து எஃகு தடைபட்டதால், 23,000 டன்னை டாடா ஆலை வழங்கியது. அந்நாளைய இந்திய ஆலை ஒன்றுக்கு இது பெரிய சாதனை. ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு அஞ்சி 1943 பிப்ரவரியில் ஆரவாரமின்றிப் பாலத்தைத் திறந்தார்கள். 1993 வரை டிராமும் இதன்மேல் ஓடியது.

பாலத்தின் காலடியில் மல்லிக் காட் பூச்சந்தை. மேலே நடைபாதையில், தலையில் சாமந்தி மூட்டையோடு ஆட்கள் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்களில் பலர் துப்பும் வெற்றிலைச் சாற்றால் தொங்குகம்பிகளின் அடிக்கவசம் அரித்துவிட்டது. 6 மில்லிமீட்டர் தகடு 3-க்கும் குறைவாகத் தேய்ந்திருப்பது 2011-இல் தெரியவந்தது. அதன்பின் கம்பிகளின் அடியில், கழுவிவிடக்கூடிய கண்ணாடியிழை உறைகளைப் பொருத்தினார்கள்.