ஸ்டிராபெரியும் பிளாஸ்டிக் போர்வையும்

சிஞ்ச்வட்டில் குடியேறிய தமிழ் நேயர்கள் மார்கழி மாதத்தில் கடைத்தெருவுக்குச் சென்றால், சிறு அட்டைப்பெட்டிகளில் அடுக்கிய ஸ்டிராபெரிப் பழங்களைக் காண்பர். அவற்றில் பெரும்பாலானவை, நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஏறத்தாழ 4,500 அடி உயரத்திலுள்ள மகாபலேசுவரத்திலிருந்தும் அதனை அடுத்த பஞ்சகனியிலிருந்தும் வருபவை. அம்மலைப் பழம் 2010ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

இத்தோட்டப் பழம் உலகுக்கே புதியது. 1714இல் பிரெசியே என்னும் பிரெஞ்சுக்காரர் சிலி நாட்டிலிருந்து பெருங்கனி தரும் செடிகளைக் கொணர்ந்தார். அவை வட அமெரிக்கச் செடியோடு கலந்து பிறந்ததே இன்றைய இனம். வெள்ளையர் அதனை நம் மலைகளுக்குக் கொண்டுவந்தனர். மகாபலேசுவரத்தின் தோட்டக்கலைக்கு வேறு சிலரும் உழைத்தனர். மலேயா, சிங்கப்பூர்ப் பகுதிகளிலிருந்து நாடு கடத்தப்பட்ட சீனக் கைதிகள் 1864 வரை அங்கிருந்த சிறையில் வைக்கப்பட்டிருந்தனர். உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடுவதில் அவர்கள் வல்லவர்கள். நம் நீலகிரிக்கும் இத்தகைய கைதிகள் வந்தனர். விடுதலைக்குப் பின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர். அவர்தம் பெயர்களை நாம் அறியோம்.

மகாபலேசுவரத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஆனி முதல் புரட்டாசி வரை திறந்த வெளியில் ஸ்டிராபெரிச் செடி நிலைப்பது அரிது. மழை ஓய்ந்தபின் நட்டு, கார்த்திகை முதல் கோடைவரை பறிப்பதே வழக்கம். இப்பருவத்தை நீட்டத்தான் போர்வை வேண்டியதாயிற்று.

போர்வை பழைய உத்தியே. ரோமப் பேரரசன் திபேரியசுக்காக வெள்ளரிச் செடிகளை ஒளி ஊடுருவும் கல்தகட்டால் மூடி வளர்த்தனர். பின்னர்ப் பாரிசுத் தோட்டக்காரர் கண்ணாடி மணிகளைச் செடிமேல் கவிழ்த்தனர். கண்ணாடியோ விலை மிக்கது, உடையக்கூடியது. 1933இல் இங்கிலாந்தில் பாலிதீன் கண்டறியப்பட்டது. 1940களின் இறுதியில் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் எம்மர்ட் என்பவர் கண்ணாடி வாங்கப் பணமின்றிப் பிளாஸ்டிக் தாளால் பசுமைக்குடில் அமைத்தார். வறுமை தந்த கண்டுபிடிப்பு எனலாம்!

இன்று மலைச்சரிவுகளில் மூவகை மறைப்புகளைக் காணலாம். தாய்ச்செடியின் ஓடுகொடிகளிலிருந்து நாற்றெடுக்கும் குடில் மழையைத் தடுக்கிறது. ஆதலின் மழை ஓய்ந்தவுடன் நடுவதற்கு நாற்று ஆயத்தமாகிறது. பாத்திமேல் விரிக்கும் தாள், முன்பு வைக்கோல் செய்த வேலையைச் செய்கிறது. ஈரம் காக்கும், களையை அடக்கும், பழத்தில் மண் ஒட்டாது. வளைகம்பிமேல் போர்த்திய தாழ்ந்த கூண்டு, பகல் வெப்பத்தைச் சிறிது பிடித்துவைத்து, உறைபனியையும் பருவம் தவறிய தூறலையும் விலக்குகிறது. ஆனால் பகலில் அதனைத் திறந்துவைத்தல் வேண்டும். இல்லையேல் தேனீ புகாது, பழம் கோணலாகும். உள்ளே ஈரம் தேங்கினால் சாம்பற்பூசணமும் படரும். காலையில் திறந்து மாலையில் மூடும் இவ்வேலைக்கு ஆள் வேண்டும். இரண்டு ஏக்கர்க் குடியானவனுக்கு இக்கணக்கே பெருங்கணக்கு.

வைக்கோல் மண்ணோடு மக்கிவிடும், பிளாஸ்டிக் மக்காது. பருவம் முடிந்ததும், மழைக்குமுன் தாள் முழுவதையும் சுருட்டி எடுத்தாக வேண்டும். கிழிந்து மண்ணில் தங்கிய துணுக்கை மழைநீர் ஓடையில் சேர்க்கும். கிருஷ்ணா நதி பிறப்பது இம்மலையில். அதன் நீர்தான் 1996 முதல் தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியே சென்னை மக்களுக்குக் குடிநீராகவும் வருகின்றது.