கருவேலங்காட்டைத் திருத்த டயர் வண்டியா, செயின் வண்டியா? வாடகைக்கு எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கள்ளக்குறிச்சி மாவட்டம் திருநாவலூர், உளுந்தூர்பேட்டை சுற்றுவட்டாரத்தில் நெல், கரும்பு, உளுந்து, மல்லாட்டை என வெள்ளாமை நடக்கும் நிலங்களுக்கு நடுவே சீமைக்கருவேலம் மண்டிய தரிசுகளும் கிடக்கின்றன. அதைத் திருத்த நினைக்கும் விவசாயி முதலில் தேடுவது 'ஜேசிபி'யைத்தான். ஆனால் எல்லா நிலத்துக்கும் அது ஏற்ற வண்டிதானா?

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஜேசிபி, பொக்லைன், இட்டாச்சி மூன்றுமே கம்பெனிப் பெயர்கள். நம்மூரில் ஜேசிபி என்றால் முன்னால் பெரிய பக்கெட், பின்னால் தோண்டும் கை உள்ள டயர் வண்டி. பொக்லைன், இட்டாச்சி என்றால் செயினில் ஓடி, மேல்பாகம் சுழன்று தோண்டும் வண்டி. டோசர், செயினில் ஓடி முன்னால் உள்ள பிளேடால் மண்ணைத் தள்ளும். அந்தப் பிளேடுக்குப் பதிலாகப் பக்கெட் வைத்தால் அதுதான் செயின் லோடர். வெளிநாட்டுப் பண்ணைகளில் சிறிய செயின் லோடர் சாதாரணம். இங்கே அந்த வேலையை டோசரும் சிறிய இட்டாச்சியும் பங்குபோட்டுச் செய்கின்றன.

செயினில் என்ன லாபம்?

எடை பரவி நிற்பதுதான். 7 டன் வண்டி ஒன்றின் செயின், பக்கத்துக்கு 35 செ.மீ. அகலமும் 180 செ.மீ. நீளமும் தரையில் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். சதுர செ.மீ.க்கு விழும் சுமை அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். டயர் வண்டியில் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு சுமை மண்ணில் இறங்கும். அது 2, 3 கிலோவைத் தாண்டலாம். ஈரம் காயாத களிமண் நிலத்தில் டயர் புதைவதும், செயின் வண்டி மேலேயே போவதும் இதனால்தான். கருவேல முள் டயரைக் குத்திக் கிழிக்கும். செயினுக்கு அந்தக் கவலையே கிடையாது.

குறைகளும் உண்டு. இரும்புச் செயின் வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அரை ஏக்கருக்காக ஒரு வண்டியை ஏற்றி இறக்கினால் அந்தச் செலவே வேலைக் கூலியை நெருங்கிவிடும். பக்கத்து நிலத்துக்காரரோடு சேர்ந்து எடுப்பது புத்திசாலித்தனம். கல்வராயன் அடிவாரம் போன்ற கல் நிலத்தில் செயின் வேகமாகத் தேயும் என்பதால், அங்கே வண்டிக்காரர்கள் வாடகையைக் கூட்டிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மேலோடு சீவினால் மறுபடி முளைக்கும்

சீமைக்கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினாலோ, பிளேடால் சீவினாலோ, மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கும் அடிக்கட்டை மொட்டிலிருந்து முன்பைவிடப் புதராகத் துளிர்க்கும். ஒரு மழை போதும். பல்லு வைத்த பக்கெட்டை அடிமரத்துக்குக் கீழே விட்டு, நெம்பி, வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும். அதன்பிறகு உழும்போது மேலே வரும் வேர்த்துண்டுகளையும் பொறுக்கிவிட வேண்டும். ஆடு, மாடு தின்று போட்ட சாணியில் வரும் விதை மண்ணில் கிடக்கும் என்பதால், அடுத்த இரண்டு மூன்று வருடம் கன்று பிடுங்கும் வேலையும் இருக்கிறது.

வண்டி வருவதற்கு முன்பே தடித்த மரங்களை ஆள் வைத்து வெட்டி, விறகுக்கோ கரிமூட்டத்துக்கோ விற்றுவிடுங்கள். கையில் காசு வரும், வண்டி ஓடும் நேரமும் குறையும்.

இதில் பெரும் நஷ்டம் வாடகையில் இல்லை, மேல்மண்ணில்தான். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மண்ணைச் சுரண்டினால் அது சுமார் 40 கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் 14 யூனிட். வளமான மண் வரப்போரம் குவிந்துவிட்டால், திருத்திய நிலத்தில் முதல் வெள்ளாமையே சோடை போகும். 'சுத்தமா வழிச்சு விடுங்க' என்று டிரைவரிடம் சொல்வதுதான் பலர் செய்யும் தவறு. மரத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், வேரிலுள்ள மண்ணை உதறிப் போடச் சொல்லுங்கள். செயின் வண்டி நின்ற இடத்தில் திரும்பினால் மண்ணைக் கிழிக்கும், அகல வட்டமடித்துத் திரும்பச் சொல்வது நல்லது.

ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்து, உருண்டை உதிர்ந்தால் வண்டியை இறக்கலாம். பிசைந்த மாவு மாதிரி ஒட்டினால் இரண்டு நாள் பொறுங்கள். கோடை மழைக்குப் பின் சித்திரை, வைகாசியில் முடித்துவிட்டால் ஆடிப்பட்டத்துக்கு நிலம் தயார். அடிமண் இறுகிய நிலமாக இருந்தால், மூன்று வருடத்துக்கு ஒருமுறை உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்கும் உழ வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை.

அரசு வாடகை எவ்வளவு?

வேளாண்மைப் பொறியியல் துறை இந்த வண்டிகளைக் குறைந்த வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் இ-வாடகை பகுதியில் பதிவு செய்து முன்பணம் கட்டலாம். மாவட்ட நிர்வாகங்கள் அறிவித்துவந்த கட்டணப்படி மண் தள்ளும் இயந்திரத்துக்கு மணிக்கு ரூ.1,230, செயின் வகை மண் அள்ளும் இயந்திரத்துக்கு ரூ.1,910, டயர் வகைக்கு ரூ.890. பதிவு செய்யும் நாளில் செயலியில் காட்டும் தொகையே செல்லும். வண்டி குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்பதால் சீசனில் வரிசை நீளும், முன்கூட்டியே பதியுங்கள். தனியார் வண்டி என்றால், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் அவர் மீட்டரை நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், போட்டோ எடுத்துவைத்தால் தகராறு வராது.

10 முதல் 15 ஏக்கர் வரை ஒரே தொகுப்பாகத் தரிசு கிடந்தால், 2021-22-ல் தொடங்கிய கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தைப் பற்றி வேளாண் அலுவலகத்தில் விசாரிக்கலாம். புதர் அகற்றுவது, ஆழ்துளைக் கிணறு, சொட்டுநீர் எல்லாம் அதன் கீழ் வருபவை.

எதைத் தொடக்கூடாது?

வரப்பில் நிற்கும் பனை மரத்தை மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. கருவேலத்தோடு சேர்த்து அதையும் தள்ளிவிட்டால் சிக்கல் நிலத்துக்காரருக்குத்தான். கல்வராயன் மலைப் பக்கம் நிலம் இருந்தால், வனத்துறை எல்லையை சர்வேயர் வைத்து உறுதி செய்யாமல் வண்டியை ஏற்றக் கூடாது. சரிவில் புதரை மொத்தமாக வழித்துவிட்டால் ஐப்பசி மழையில் மண் ஓடிவிடும், குறுக்கே பட்டை பட்டையாக விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

புதருக்குள் மறைந்திருக்கும் பாழடைந்த கிணறும், தாழ்ந்து தொங்கும் மின்கம்பியும் டிரைவர் உயிருக்கே ஆபத்து. அவருக்கு உங்கள் நிலம் புதிது. வண்டி இறங்கும் முன் நிலத்துக்காரர் கூடவே நடந்து, கிணற்றைச் சுற்றிக் கொம்பு நட்டு, துணி கட்டிக் காட்டிவிட வேண்டும்.