தொலைதூர விண்மீன் மண்டலங்களைப் படம் பிடித்தவர்கள்



1929ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், நமது கெடா மாநிலத்தின் வடபகுதியில் பட்டப்பகலிலே சில நிமிடங்கள் இருள் சூழ்ந்தது. முழுச் சூரிய கிரகணம். அதைப் படம் பிடிப்பதற்கென்றே இங்கிலாந்திலிருந்து வானநூல் வல்லுநர்கள் தொலைநோக்கிகளையும் புகைப்படக் கருவிகளையும் கப்பலேற்றிக்கொண்டு அலோர் ஸ்டாருக்கு வந்தார்கள்.

வானத்தைப் படம் பிடிப்பது என்றால் இப்படித்தான், படித்த பெரிய மனிதர்களுக்கும் அரசாங்கத்துக்கும் மட்டுமே ஆகிற காரியம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். தோட்டத்துப் பிள்ளைகளும் அப்படியே எண்ணுகிறார்கள். ஆனால் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. சூரியனைவிடப் பல ஆயிரம் கோடி மடங்கு தொலைவிலே இருக்கும் ஒரு விண்மீன் மண்டலத்தின் உருவத்தை முதன்முதலாகத் தெளிவாகப் படத்தில் காட்டியவர் ஒரு கட்டடக்காரர். அவருக்கு வானநூல் தொழில் அல்ல, ஆசை.

விண்மீன் மண்டலம் என்றால் என்ன? நம்முடைய சூரியன் ஒரு விண்மீன். அதைப் போன்ற பல்லாயிரம் கோடி விண்மீன்கள் சேர்ந்த கூட்டம்தான் பால்வீதி. அத்தகைய கூட்டங்கள் வெளியிலே எண்ணற்றவை உள்ளன. பெரிய கூட்டங்களில் நமக்கு மிக அருகில் இருப்பது ஆண்ட்ரோமீடா. அருகில் என்றால், விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி அங்கிருந்து இங்கு வர 25 லட்சம் ஆண்டுகள் ஆகும். வெறும் கண்ணுக்கு அது வெண்மையான ஒரு சிறு திட்டு. நல்ல தொலைநோக்கியிலும் பல நூறு ஆண்டுகள் அது திட்டாகவே இருந்தது.

இதன் காரணத்தை ரப்பர் மரம் வெட்டிய பெரியவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். வெட்டிய கோட்டில் பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மங்கைப் பொருத்திவிட்டுப் போய், சில மணி நேரம் கழித்து வந்தால்தான் அதில் பால் சேர்ந்திருக்கும். நமது கண்ணோ, ஒரு சொட்டு விழுந்தவுடனே கவிழ்க்கப்படும் மங்கு. அதிலே ஒளி தங்குவதில்லை. புகைப்படத் தகடு அப்படியல்ல. மணிக்கணக்காகத் திறந்து வைத்தால், விழுந்த ஒளி அனைத்தும் அதிலே சேர்ந்துகொண்டே இருக்கும். கண் காணாததைத் தகடு காணும்.

ஆனால் ஒரு தொல்லை. மங்கு வைத்த மரம் நகராது, வானம் நகரும். பூமி சுழல்வதால் விண்மீன்கள் ஒரு மணி நேரத்தில் 15 பாகை மேற்கே போய்விடும். தொலைநோக்கியும் கூடவே திரும்ப வேண்டும். அதற்குக் கடிகாரப் பொறி உண்டு. பொறி மட்டும் போதாது. பக்கத்தில் இன்னொரு தொலைநோக்கியை இணைத்து, அதன் வழியே ஒரு விண்மீனைக் குறுக்குக் கம்பிமேல் நிறுத்தி, அது இம்மி விலகினாலும் கையால் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். குளிரிலும் இருளிலும் மணிக்கணக்காகக் கண்ணை எடுக்காமல் செய்யும் வேலை இது. படிப்பைவிடப் பொறுமையும் கைப்பழக்கமும் இதற்கு அதிகம் வேண்டும் என்பது என் கருத்து.

இத்துறையில் முன்னோடிகள் பலர் வேறு தொழில் பார்த்தவர்களே. 1880 செப்டம்பர் 30ஆம் நாள் ஓரியன் ஒளிமுகிலை முதன்முதல் படம் எடுத்த ஹென்றி டிரேப்பர் ஒரு மருத்துவர். 1883இல் அதையே மேலும் சிறப்பாக எடுத்து, கண்ணுக்குத் தெரியாத விண்மீன்களையும் தகட்டில் காட்டிய ஆண்ட்ரூ காமன் சுகாதாரப் பொறியாளர். ஆயினும் ஓரியன் ஒளிமுகில் நம் பால்வீதிக்குள்ளேயே இருப்பது. அதற்கு வெளியே எட்டியவர் ஐசக் ராபர்ட்ஸ்.

ராபர்ட்ஸ் 1829இல் வட வேல்ஸ் நாட்டில் குரோஸ் என்னும் ஊரில் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் லிவர்பூல் நகரில் ஒரு கட்டட நிறுவனத்திலே வேலை பழகச் சேர்ந்தார். பகலிலே வேலை, மாலையிலே படிப்பு. பின்னர் தாமே பங்காளியாகக் கட்டடத் தொழில் நடத்திச் செல்வம் சேர்த்தார். இதை மறைத்துச் சொல்வது நியாயமல்ல: அவருடைய தொலைநோக்கியை ஒரு சாதாரணக் கூலிக்காரர் வாங்கியிருக்க முடியாது. ஆனால் அந்தச் செல்வத்தைக் கொண்டு அவர் வாங்கியது 20 அங்குல ஆடியுள்ள தொலைநோக்கி. லிவர்பூலுக்கு அருகே மாகல் என்னும் இடத்தில் அதை நிறுவினார். 1888இல் ஆண்ட்ரோமீடாவைப் பல மணி நேரம் தகட்டில் பதியவைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது.

திட்டாகத் தெரிந்தது திட்டல்ல. நடுவிலே ஒளிமிக்க கரு, அதைச் சுற்றி வளையம் வளையமாகச் சுழன்று செல்லும் கரங்கள், இடையிடையே கரிய பட்டைகள். பார்த்தவர்கள் வியந்தார்கள். 1895இல் அரச வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் அளித்தது.

படம் சரி, பொருள்தான் தவறு. புதிதாக ஒரு சூரியக் குடும்பம் உருவாவதையே தாம் படம் எடுத்ததாக ராபர்ட்ஸ் நம்பினார். அக்காலத்து அறிஞர் பலரும் அவ்வாறே நம்பினர். அவர் 1904இல் இறக்கும்வரை உண்மை தெரியவில்லை. அதனால் அவர் பெருமை குறைவதாக நான் நினைக்கவில்லை. விளக்கம் மாறினாலும் தகட்டில் பதிந்தது மாறாதல்லவா?

தொலைவை அளக்கும் கோலைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஹென்றியெட்டா லீவிட் என்னும் பெண்மணி. ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் மணிக்கு 30 செண்ட் கூலிக்குத் தகடுகளைப் பார்த்துக் கணக்கெழுதியவர், காது கேளாதவர். ஒளி கூடிக் குறையும் ஒருவகை விண்மீன்களில், அந்தக் கால அளவு நீள நீள விண்மீனின் உண்மையான பிரகாசமும் அதிகம் என்று 1912இல் காட்டினார். 1923இல் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடாவின் தகடொன்றில் அத்தகைய விண்மீனைக் கண்டு அந்தக் கோலால் அளந்தார். அது நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி மண்டலம் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று.

ஹபிளின் பெயரை எல்லாரும் அறிவர். அவருடன் இருந்த மில்டன் ஹூமேசனைப் பற்றிப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஹூமேசன் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். அமெரிக்காவில் வில்சன் மலைமேல் ஆய்வகம் கட்டப்பட்டபோது, கோவேறு கழுதைகளின்மேல் மரமும் தளவாடமும் ஏற்றி மலைப்பாதையில் ஓட்டிச் சென்றார். ஆய்வகப் பொறியாளரின் மகளை மணந்தார். மாமனார் சொல்லிவைத்ததால் 1917இல் அங்கே கூட்டிப் பெருக்கும் வேலை கிடைத்தது. சிபாரிசு இல்லாமல் நடந்த அதிசயம் அல்ல இது. நம் தோட்டத்தில் கங்காணியார் சொல்லி வேலை கிடைப்பது போலத்தான். ஆனால் உள்ளே நுழைந்தபின் நடந்தது அவர் கைத்திறமை. இரவிலே வானியலருக்கு உதவி செய்தார். தகடு எடுக்கக் கற்றார். 1919இல், பட்டம் ஏதும் இல்லாத அவரை ஆய்வகம் ஆராய்ச்சிப் பணியாளராகவே சேர்த்துக்கொண்டது.

மங்கலான மண்டலங்களின் ஒளியை வண்ணங்களாகப் பிரித்துத் தகட்டில் பதிப்பது அவர் வேலை. பூரட்டாதி விண்மீன்களுக்கு அப்பால் தெரியும் ஒரு மண்டலத்துக்காக ஒரு தகட்டை 33 மணி நேரமும் இன்னொன்றை 45 மணி நேரமும் ஒளி காட்டினார். ஓர் இரவில் முடிகிற காரியமா? விடியும்போது மூடி, மறு இரவு அதே இடத்தில் மறுபடி திறந்து, பல இரவுகள். அந்த மண்டலம் விநாடிக்கு ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் வேகத்தில் விலகிச் செல்கிறது என்று 1929இல் வெளியிட்டார். அண்டம் விரிகிறது என்னும் முடிவுக்கு ஹூமேசனின் தகடுகள் பெரிய ஆதாரம். 1950இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

நம் தமிழ் மண்ணிலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் 1927இல் பிறந்த வைணு பாப்பு ஹைதராபாத்தில் வளர்ந்தவர். தந்தையார் அங்குள்ள நிஜாமியா வான் ஆய்வகத்தில் பணி செய்தவர். அதனால் பாப்பு மாணவப் பருவத்திலேயே விண்மீன்களைக் கவனித்துக் கட்டுரை எழுதினார். 1949இல் ஹார்வர்டில் படிக்கும்போது, தாம் எடுத்த தகட்டில் ஒரு புதிய வால்மீனைக் கண்டார். பின்னர் கொடைக்கானல் ஆய்வகத்தின் தலைவரானார். இருண்ட வானம் தேடி ஜவ்வாது மலையில் சந்தன மரங்கள் நிறைந்த காவலூர் என்னும் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கே 1968இல் வேலை தொடங்கிய 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி கொடைக்கானல் பட்டறையிலேயே உருவானது. பிற்பாடு 234 சென்டிமீட்டர் பெருந்தொலைநோக்கியையும் நம்மவர் கையாலேயே செய்யவேண்டும் என்று முனைந்தார். அது முடிவதைக் காணாமல் 1982இல் மறைந்தார். 1986 ஜனவரி 6ஆம் நாள் பிரதமர் ராஜீவ் காந்தி அதற்கு அவர் பெயரையே சூட்டினார்.

இன்று கண்ணாடித் தகடு போய்விட்டது. அதன் இடத்தில் மின்னணுக் கருவி வந்திருக்கிறது. ராபர்ட்ஸ் ஓர் இரவு முழுவதும் குனிந்து செய்ததைச் சிறு பொறி செய்கிறது. தொடர்ந்து மணிக்கணக்காகத் திறந்து வைக்கவும் வேண்டியதில்லை. குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். பல மங்கின் பாலை ஒரே வாளியில் ஊற்றுவது போல. வீட்டு முற்றத்தில் இருந்தபடியே தொலைவான மண்டலங்களில் வெடிக்கும் விண்மீன்களைக் கண்டு அறிவிக்கிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

முயன்று பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்கு: டிசம்பர் நடுவில், நிலவு இல்லாத இரவு எட்டரை மணி. கோத்தா கோலா மூடாவில் கடற்கரைப் பக்கம் விளக்கில்லாத இடத்தில் ஜெராய் மலையைப் பார்த்து நில்லுங்கள். சுங்கை பட்டாணியின் வெளிச்சம் வலப்பக்கம் இருக்கும், அதைப் பார்க்கவேண்டாம். தலைக்குமேலே பூரட்டாதி இரண்டும் உத்திரட்டாதி இரண்டுமாக நான்கு விண்மீன்கள் பெரிய சதுரம் போட்டிருக்கும். உத்திரட்டாதியின் வடக்கு விண்மீனிலிருந்து வலப்புறம் கீழ்நோக்கி இரண்டாவது விண்மீன்வரை வாருங்கள். அங்கிருந்து இடப்புறம் கீழே மங்கலான இரண்டு விண்மீன்கள். இரண்டாவதன் பக்கத்தில் இருக்கிற வெண்திட்டுதான் ஆண்ட்ரோமீடா. கேமராவை முக்காலியில் நிறுத்தி, பத்து விநாடி திறந்து வையுங்கள். அதற்குமேல் வைத்தால் விண்மீன்கள் கோடாக இழுபடும். இருபது படம் எடுங்கள். ஒரு படத்தில் திட்டு மட்டும் தெரியும். இருபதையும் சேர்த்தால் அது நீண்ட முட்டை வடிவாக விரியும்.